தொன்மொழிகள் யாருடைய சொத்து?

அரசுப் பள்ளிகளில் இலத்தீனும் கிரேக்கமும்: ஒரு சிந்தனை

ஆண்டவர் இயேசுவின் சிலுவைக்கு மேலே பிலாத்து ஓர் அறிவிப்பை எழுதி வைத்தான். அது எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்னும் மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்ததாகப் புனித யோவான் தம் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் குறிப்பிடுகிறார். நகருக்கு அருகில், மக்கள் வந்துபோகும் வழியில் வைக்கப்பட்ட அறிவிப்பு அது. வழிப்போக்கரில் யாராவது ஒருவர் தமக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக்கொள்ளட்டும் என்பதே அதன் நோக்கம்.

இன்று அந்த மூன்று மொழிகளில் இரண்டைப் பற்றிப் பேசினால், "அதெல்லாம் படித்த பெரிய மனிதர்களின் விவகாரம், நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் பலர். தெருவோரத்தில் எல்லாரும் வாசிக்க எழுதப்பட்ட மொழிகள், பணம் படைத்தோர் மட்டும் கற்கும் மொழிகளாக மாறியது எப்படி? அவற்றைச் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்குத் திரும்பக் கொடுக்க ஐரோப்பாவில் நடைபெறும் முயற்சிகள் யாவை? அவற்றில் நம்பிக்கையாளர்களாகிய நமக்கு என்ன அக்கறை? இவற்றை இக்கட்டுரையில் சிறிது சிந்திப்போம்.

எளியோரின் மொழிகளாக இருந்தவை

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்துக்குக் 'கொய்னே' என்று பெயர். அச்சொல்லின் பொருளே 'பொதுவானது' என்பதுதான். அறிஞர் அவைகளில் மட்டும் வழங்கிய உயர்நடை அன்று அது. துறைமுகத்திலும் சந்தையிலும் மக்கள் பேசிப் பழகிய மொழி. உரோமை நகர மக்களுக்குத் திருமடல் எழுதியபோதும் புனித பவுல் அந்த மொழியில்தான் எழுதினார். உரோமைத் திருச்சபையின் தொடக்கக்கால வழிபாடும் கிரேக்கத்திலேயே நடைபெற்றது.

பின்னர் மேற்கு நாடுகளின் மக்களுக்குக் கிரேக்கம் புரியாமல் போனது. ஆகவே வழிபாடு படிப்படியாக இலத்தீனுக்கு மாறியது. 382ஆம் ஆண்டு திருத்தந்தை தமாசு, புனித எரோணிமுசிடம் நற்செய்திகளின் இலத்தீன் பெயர்ப்பைச் செம்மைப்படுத்தும் பணியை ஒப்படைத்தார். அதிலிருந்து வளர்ந்த விவிலியப் பெயர்ப்பே பிற்காலத்தில் 'வுல்காத்தா' என்று அழைக்கப்பட்டது. 'பொதுமக்களுக்கு உரியது' என்பது அதன் பொருள். ஆக, திருச்சபைக்குள் இலத்தீன் வந்ததே கதவைத் திறந்துவிடத்தான். அதே இலத்தீன் பின்னாளில் மக்களுக்குப் புரியாத மொழியாகிக் கதவை அடைப்பதாகத் தோன்றியபோது, இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் வழியாகத் தாய்மொழிகளுக்கு இடமளித்தது. அதே ஏட்டில், இலத்தீன் வழிபாட்டு முறைகளில் அம்மொழி பேணப்பட வேண்டும் என்றும் கூறியது. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

கதவு எவ்வாறு சாத்தப்பட்டது?

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 1382ஆம் ஆண்டு விகாமின் வில்லியம் என்னும் ஆயர் வின்செஸ்டர் கல்லூரியை நிறுவினார். 1440ஆம் ஆண்டு அரசர் 6ஆம் என்றி ஈட்டன் கல்லூரியை நிறுவினார். இரண்டும் 70 ஏழை மாணவர்களுக்குக் கட்டணமின்றி இலத்தீன் இலக்கணம் கற்பிக்க ஏற்படுத்தப்பட்டவை. அக்காலத்தில் இலத்தீன் தெரிந்தால்தான் பல்கலைக்கழகம், சட்டம், குருத்துவம் ஆகியவற்றுக்குள் நுழைய முடியும். ஏழைப் பிள்ளைக்கு அந்த நுழைவாயிலைத் திறப்பதே நிறுவியவர்களின் எண்ணம். ஆனால் இன்று உலகிலேயே மிக அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளிகளின் வரிசையில் அவ்விரண்டும் நிற்கின்றன! உதவித்தொகை பெறும் மாணவர் சிலர் இன்றும் அங்கே உண்டு என்பது உண்மைதான்; எனினும் பெரும்பான்மை இடங்கள் யாருக்கு என்பதை நாம் அறிவோம்.

1960ஆம் ஆண்டளவில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள், எல்லா மாணவர்களும் இலத்தீனில் தேறியிருக்க வேண்டும் என்ற நுழைவு நிபந்தனையைக் கைவிட்டன. இது நியாயமான சீர்திருத்தமே. அறிவியல் படிக்க வரும் தொழிலாளி மகனை இலத்தீன் தேர்வு தடுத்து நிறுத்துவது எவ்வகையில் நீதி? ஆனால் யாரும் எதிர்பாராத ஒரு விளைவும் ஏற்பட்டது. கட்டாயம் நீங்கியதும் அரசுப் பள்ளிகளில் இலத்தீன் வகுப்புகள் குறையத் தொடங்கின. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வகுக்கப்பட்ட தேசியப் பாடத்திட்டத்தில் இலத்தீனுக்கெனத் தனி இடம் இல்லை. கட்டணப் பள்ளிகளோ அதைத் தொடர்ந்து கற்பித்தன. தடையாக இருந்ததை அகற்றப் போய், ஏழைப் பிள்ளையிடமிருந்து அந்தப் பாடமே அகன்றுவிட்டது.

விளைவு என்ன? பிரித்தானிய அரசு 2021ஆம் ஆண்டு மேற்கோள் காட்டிய கணக்குப்படி, 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களுக்கு இலத்தீன் கற்பித்த அரசுப் பள்ளிகள் 2.7 விழுக்காடு, கட்டணப் பள்ளிகள் 49 விழுக்காடு. ஒருபுறம் இரண்டில் ஒன்று, மறுபுறம் நூற்றுக்கு மூன்று கூட இல்லை. கிரேக்கமோ இலத்தீனைவிடவும் அரிது.

மீண்டும் திறக்க எடுத்த முயற்சிகள்

இந்நிலையைக் கண்டு பலர் சும்மா இருந்துவிடவில்லை. 1966ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் பள்ளிகளுக்கான செம்மொழித் திட்டம் தொடங்கப்பட்டது. 1970ஆம் ஆண்டு முதல் வெளிவந்த அதன் பாடநூல்கள், இலக்கண அட்டவணைகளை மனப்பாடம் செய்ய வைக்கும் பழைய முறையை விட்டு, பொம்பெயி நகரில் வாழும் ஒரு குடும்பத்தின் கதை வழியாக மொழியைக் கற்பித்தன. 1999ஆம் ஆண்டு பார்பரா பெல் என்னும் ஆசிரியை எழுதிய 'மினிமுஸ்' என்ற நூல், ஒரு சுண்டெலியின் துணையோடு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் இலத்தீனுக்குள் அழைத்துச் சென்றது.

மினிமுஸ் கதை நடக்கும் இடம் விந்தொலாந்தா. இங்கிலாந்தின் வடக்கே இருந்த உரோமைப் படை முகாம் அது. 1973ஆம் ஆண்டு தொடங்கி அங்கே மண்ணுக்கடியிலிருந்து மெல்லிய மரத் தகடுகள் பல கிடைத்தன. நம் முன்னோரின் ஓலை நறுக்குகளைப் போல, அவற்றில் மையால் கடிதங்களும் கணக்குகளும் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, கிளவுதியா செவேரா என்னும் பெண், லெப்பிதீனா என்னும் தோழியைத் தன் பிறந்தநாள் விழாவுக்கு அழைத்து கி.பி. 100ஆம் ஆண்டளவில் எழுதிய கடிதம். பெண் ஒருவரின் கையால் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலத்தீன் வரிகளில் அக்கடிதத்தின் இறுதி வரிகள் அடங்கும். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அதை எழுத்துக் கூட்டி வாசித்துப் பொருள் காண்கையில், 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண் தன் தோழிக்காக ஏங்கியதை உணர்ந்துகொள்கிறாள். இதைப் 'பிரபுக்களின் பாடம்' என்று எவ்வாறு ஒதுக்க முடியும்?

2010ஆம் ஆண்டு, 'எல்லாருக்கும் செம்மொழிகள்' என்று பொருள்படும் 'கிளாசிக்ஸ் ஃபார் ஆல்' என்ற அறக்கட்டளை உருவானது. அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே வேறு பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளிப்பது இதன் முக்கியப் பணி. இது மிகவும் பயனுள்ள வழி. ஏனெனில் சிறிய பள்ளி ஒன்று இலத்தீனுக்கென்றே தனி ஆசிரியரை நியமிக்க இயலாது. ஆனால் வரலாறோ பிரெஞ்சு மொழியோ கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஆர்வத்தோடு கற்று, வாரத்தில் இரண்டு வகுப்புகளைத் தொடங்க முடியும். 2014ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டமும் இதற்கு வழிவிட்டது. 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு பிறமொழி கட்டாயம் எனவும், அது இக்கால மொழியாகவோ தொன்மொழியாகவோ இருக்கலாம் எனவும் அது கூறியது.

நடுவழியில் நின்ற திட்டம்

2021ஆம் ஆண்டு சூலை மாத இறுதியில், அன்றைய கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன் 4 மில்லியன் பவுண்டு செலவில் இலத்தீன் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். 40 அரசுப் பள்ளிகளில், 11 முதல் 16 வயதுடைய மாணவர்களுக்கு, 4 ஆண்டுகள் என்பது ஏற்பாடு. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கின. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இலத்தீன் கற்றனர். ஆனால் ஆட்சி மாறியபின், 2024ஆம் ஆண்டு டிசம்பரில், அரசின் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, 2025 பிப்ரவரியோடு நிதி நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. கல்வி ஆண்டு முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. பொதுத்தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாணவர்களும் அவர்களுள் இருந்தனர். கோடைக்காலம் வரையாவது நீட்டியுங்கள் என்று அறிஞர்கள் பலர் கேட்டும் அரசு இசையவில்லை.

அரசின் பக்கமும் நியாயம் இருக்கலாம். பணப்பெட்டி ஒன்றுதான், கேட்பவர்களோ பலர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிதி நெருக்கடி வந்தபோது கட்டணப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் இலத்தீன் வகுப்பு நிற்கவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளையின் வகுப்புதான் நின்றது. எளியோருக்குக் கொடுப்பது எப்போதும் 'சோதனைத் திட்டம்'. வசதியுள்ளோருக்குக் கிடைப்பது எப்போதும் 'மரபு'. இந்த வேறுபாடுதான் நம் மனச்சான்றை உறுத்த வேண்டும்.

பர்பியானாவின் எதிர்க்குரல்

மறுபக்கத்தையும் நேர்மையோடு கேட்போம். இத்தாலியில் 1962ஆம் ஆண்டு வரை, 11 வயதிலேயே பிள்ளைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். இலத்தீன் கற்பிக்கும் நடுநிலைப் பள்ளிக்குச் சென்றவர்களுக்கு உயர்கல்வி; இலத்தீன் இல்லாத தொழில் ஆயத்தப் பள்ளிக்குச் சென்றவர்களுக்குப் பட்டறை. 1962ஆம் ஆண்டு டிசம்பர் மாதச் சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. 1977ஆம் ஆண்டு நடுநிலைப் பள்ளியிலிருந்து இலத்தீன் முற்றிலும் நீக்கப்பட்டது.

அக்காலத்தில் தஸ்கனி மலைப்பகுதியில் பர்பியானா என்னும் குக்கிராமத்தின் பங்குத்தந்தையாக இருந்தவர் அருள்தந்தை லொரேன்சோ மிலானி. பள்ளியால் கைவிடப்பட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தம் பங்கிலேயே பள்ளி நடத்தினார். 1967ஆம் ஆண்டு, அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அவருடைய மாணவர்கள் எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூல் வெளிவந்தது. ஏழைகளை வடிகட்டி வெளியே தள்ளும் கல்விமுறையை அது கடுமையாகச் சாடியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017ஆம் ஆண்டு சூன் 20 அன்று பர்பியானாவுக்குச் சென்று அக்குருவானவரின் கல்லறையில் செபித்தார்.

மிலானியின் குரல் இலத்தீனுக்கு எதிரானதா? ஏழைகளை ஒதுக்கித் தள்ளும் கருவியாக அது பயன்படும்போது, ஆம், எதிரானதே. ஆனால் அவர் தம் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியது, மனிதரைச் சமமாக்குவது மொழியே என்பதைத்தான். சொல்லின்மீது ஆளுமை இல்லாத ஏழை, பிறர் தன்னைப் பற்றி எழுதும் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் புரிந்துகொள்ள முடியாமல் நிற்கிறான். ஆகவே மிலானியிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இது: தொன்மொழி ஒருபோதும் சல்லடையாக இருக்கக் கூடாது, அது பந்தியாக இருக்க வேண்டும். விரும்பி வரும் எந்தப் பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்க வேண்டும்.

இத்தாலியில் இன்றும் 'லிச்சேயோ கிளாசிக்கோ' என்னும் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இலத்தீனும் கிரேக்கமும் 5 ஆண்டுகள் கற்பிக்கப்படுகின்றன. 2025ஆம் ஆண்டு சனவரியில் அந்நாட்டுக் கல்வி அமைச்சர், நடுநிலைப் பள்ளியின் 2ஆம் ஆண்டிலிருந்து இலத்தீனை விருப்பப் பாடமாக மீண்டும் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தார். 'விருப்பப் பாடம்' என்பது நல்லதே. ஆயினும், விரும்பும் துணிவு எந்த வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. வீட்டில் எடுத்துச் சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கு, "உன்னாலும் முடியும்" என்று ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

என்ன பயன்?

இலத்தீன் கற்றால் மூளை கூர்மையாகும் என்று சிலர் சொல்வதுண்டு. கணக்கும் மூளையைக் கூர்மையாக்கும், இசையும் அவ்வாறே. ஆகவே மிகைப்படுத்தாமல் மூன்று பயன்களை மட்டும் கூறுவோம்.

முதலாவது, சொல்வளம். ஐரோப்பிய மொழிகளில் சட்டம், மருத்துவம், அறிவியல் ஆகிய துறைகளின் கலைச்சொற்களில் பெரும்பகுதி இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து வந்தவை. வீட்டில் அத்தகைய சொற்கள் காதில் விழாத பிள்ளைக்கு வேர்ச்சொல் அறிவு ஒரு திறவுகோல். நம் வீடுகளிலும் இலத்தீன் மறைந்து வாழ்கிறது! மேசை, சாவி, சன்னல், அலமாரி ஆகிய சொற்கள் போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தவை. அவற்றின் பாட்டிகள் 'மென்சா', 'கிளாவிஸ்', 'யானுவா', 'அர்மாரியும்' என்னும் இலத்தீன் சொற்கள்.

இரண்டாவது, இலக்கணத் தெளிவு. இலத்தீனில் 'புவெல்லா புவெரும் விதெத்' என்றால் 'சிறுமி சிறுவனைப் பார்க்கிறாள்' என்று பொருள். 'புவெரும் புவெல்லா விதெத்' என்று இடம் மாற்றினாலும் பொருள் மாறாது. தமிழிலும் 'சிறுவனைச் சிறுமி பார்க்கிறாள்' என்போம். 'ஐ' உருபு பொருளைக் காக்கிறது. ஆங்கிலத்திலோ சொற்களின் இடம் மாறினால் பொருளே தலைகீழாகும். இலண்டனிலும் பிற நகரங்களிலும் அரசுப் பள்ளிகளில் படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குச் சென்று வேற்றுமை உருபுகளைக் கற்கிறார்கள். இலத்தீன் வகுப்பு கிடைத்தால், வகுப்பில் மற்றவர்கள் திணறும் இடத்தில் இவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பிடி இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் விளக்கியதையும், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்ததையும் இங்கே நினைவுகூரலாம். இரு மொழிகளும் அன்றே கைகுலுக்கிக்கொண்டவை.

மூன்றாவது, நேரடி அணுகல். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் மும்முறை அன்பைப் பற்றிக் கேட்கிறார். கிரேக்கத்தில் முதல் இருமுறை 'அகபாவோ' என்ற வினைச்சொல்லும், மூன்றாம் முறை 'பிலேயோ' என்ற சொல்லும் வருகின்றன. பேதுருவின் பதிலில் மூன்று முறையும் 'பிலேயோ' தான். இவ்வேறுபாட்டுக்கு ஆழ்ந்த பொருள் உண்டு என்பாரும், இரண்டும் ஒரே பொருளில் வந்தவை என்பாரும் உளர். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. மூலமொழி தெரிந்தவர்தாம் இந்த உரையாடலில் தாமே கலந்துகொள்ள முடியும். தெரியாதவர் பிறர் சொல்லக் கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும் என்பதே நாம் சொல்ல வருவது.

எனினும் ஒன்றைத் தெளிவாக்குவோம். அரசுப் பள்ளியில் இலத்தீன் கற்பிப்பது மறைக்கல்வி ஆகாது. அங்கே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும், சமய நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் அமர்ந்திருப்பார்கள். கிரேக்க அறிவுச் செல்வத்தில் பெரும்பகுதி பாக்தாதில் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, பின்னர் அரபிலிருந்து இலத்தீனுக்கு வந்தது. ஆகவே அதில் இசுலாமியப் பிள்ளைக்கும் உரிமைப் பங்கு உண்டு. மேலும், இலத்தீன் என்பது அடிமைகளை வைத்திருந்த, நம் ஆண்டவரையே சிலுவையில் அறைந்த பேரரசின் மொழி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு திருத்தி வெளியிடப்பட்ட கேம்பிரிட்ஜ் பாடநூல், அடிமைகளின் துயரத்தையும் பெண்களின் வாழ்வையும் முன்பைவிட நேர்மையாகக் காட்ட முயல்கிறது. நல்ல கல்வி அப்படித்தான் இருக்க வேண்டும்.

திருச்சபையின் பங்கு

புனித 23ஆம் யோவான், உழவர் குடும்பத்தில் பிறந்த திருத்தந்தை. அவர்தான் 1962ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று, குருமாணவர்களுக்கு இலத்தீனும் கிரேக்கமும் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று தனி ஏடு ஒன்றை வெளியிட்டார். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2012ஆம் ஆண்டு நவம்பரில் இலத்தீனுக்கெனத் திருப்பீடக் கழகம் ஒன்றை நிறுவினார். ஏடுகளும் கழகங்களும் தேவையே. ஆனால் அவற்றுக்கு உயிர் கொடுப்பவர்கள் ஆசிரியர்களே.

அவர்களுள் ஒருவர் அருள்தந்தை ரெஜினால்டு ஃபாஸ்டர். அமெரிக்காவின் மில்வாக்கியில் குழாய்ப் பணியாளர் குடும்பத்தில் பிறந்து, கார்மேல் துறவியாகி, ஏறத்தாழ 40 ஆண்டுகள் திருத்தந்தையரின் இலத்தீன் எழுத்துப் பணியில் இருந்தவர். 2020ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இறைவனடி சேர்ந்தார். உரோமையில் அவர் நடத்திய கோடைக்கால வகுப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. பண்டை உரோமையில் தெருவில் திரிந்த யாவரும் இலத்தீன் பேசினார்களே, பின் நம்மால் ஏன் முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

அன்பார்ந்த இறைமக்களே, நாம் என்ன செய்யலாம்? ஐரோப்பாவில் வாழும் பெற்றோர், பிள்ளையின் பள்ளியில் இலத்தீன் அல்லது கிரேக்க வகுப்பு உண்டெனில், "செத்த மொழி எதற்கு?" என்று தட்டிக் கழிக்காமல் பிள்ளையை ஊக்குவிக்கலாம். வகுப்பு இல்லையெனில், தொடங்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பணிவோடு கேட்கலாம். பெற்றோர் கேட்காததைப் பள்ளிகள் பெரும்பாலும் தொடங்குவதில்லை. குருமடத்தில் இலத்தீனும் கிரேக்கமும் கற்ற குருக்களாகிய நாம், அதைப் பேழைக்குள் பூட்டி வைக்காமல், கேட்கும் இளைஞருக்கு மாலை வேளையில் அரைமணி நேரமாவது சொல்லிக்கொடுக்கலாம். திருப்பலியில் 'கீரியே எலெய்சோன்' என்று பாடும்போது, அது கிரேக்கம் என்பதையும் அதன் பொருளையும் பீடச்சிறாருக்கு விளக்கலாம். இவற்றுக்கு அரசின் நிதி தேவையில்லை.

தாலந்தைப் புதைத்து வைத்த பணியாளரை ஆண்டவர் கண்டித்ததை நாம் அறிவோம். முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்ற மொழிச் செல்வமும் ஒரு தாலந்தே. அது சிலரின் வீட்டுப் பெட்டகத்தில் உறங்குவதற்கு அன்று, எல்லாப் பிள்ளைகளின் கைகளிலும் புழங்குவதற்கே தரப்பட்டது. பெந்தக்கோஸ்து நாளில் அவரவர் மொழியில் எல்லாரையும் கேட்கச் செய்த தூய ஆவியார், கற்கும் பிள்ளைகளுக்கு ஆர்வத்தையும் கற்பிப்போருக்குப் பொறுமையையும் ஆள்வோருக்கு நீதியுணர்வையும் தந்தருள்வாராக!